நாற்பத்தைந்து கிலோவுக்கு ஒரு டிராக்டர்

அப்பா ஆறடி இரண்டங்குலம். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். பஸ்ஸுக்குள் குனிந்து குனிந்து பழகி, சொந்த வீட்டு வாசலிலும் குனிவார். அந்த வாசல் அவரைவிட ஒரு சாண் உயரம். அம்மா அவர் நெஞ்சுக்குத்தான் வருவாள். “எனக்கு எதுக்குக் குடை? உங்கப்பா நிழலே போதும்” என்பாள்.

ஓய்வு பெற்றதும் ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் சரிவு நிலமும் அதன் உச்சியில் ஒரு வீடும் வாங்கினார். மழை பெய்தால் பத்தே நாளில் புல் முழங்காலைத் தொடும். தள்ளுகிற மெஷினோடு அவர் அந்தக் கோடியைச் சேர்வதற்குள் இந்தக் கோடியில் மறுபடி முளைத்திருக்கும். “எனக்கும் புல்லுக்கும் ரேஸு. அதுக்கு வயசு கம்மி” என்று சிரிப்பார்.

புல் வெட்ட, மண் அள்ள, விறகு இழுக்க ஒரு சின்ன டிராக்டர் வாங்கலாம் என்றார். மகள் மெக்கானிக்கல் இன்ஜினியர். கேட்க வேண்டுமா? ஒன்பது மாடல்களை வைத்து இருபத்திரண்டு பத்திகளில் ஓர் அட்டவணை போட்டாள். இன்ஜின் திறன், எடை, சரிவில் எவ்வளவு கோணம் வரை தாங்கும் என்பது உட்பட எல்லாம் இருந்தன. ஓட்டுபவர்: 188 செ.மீ., 82 கிலோ. அதை யாரையும் கேட்காமலே நிரப்பினாள்.

ஞாயிறுதோறும் அப்பா போன் செய்வார்.

“டயர் பல்லு வச்சதா, மழமழன்னு இருக்கறதா?”

“பல்லு வச்சதுதாம்பா. சரிவுல நல்லாப் பிடிக்கும்.”

“தூக்கித் தூக்கிப் போடுமே. இடுப்பு வலிக்காரங்களுக்கு ஆகுமா?”

“உங்களுக்கு எப்பப்பா இடுப்பு வலி வந்துச்சு?”

அடுத்த ஞாயிறு வேறொன்று. “சீட்டுல ஆள் இல்லைன்னா இன்ஜின் தானா நின்னுடும்னு சொன்னியே. எத்தனை கிலோ இருந்தா அதுக்கு ஆள்னு தெரியும்?”

“உங்க வெயிட்டுக்குக் கவலையே வேண்டாம்.”

“நாப்பத்தஞ்சு கிலோன்னா?”

“ஏன், டயட்ல இருக்கீங்களா? ஒட்டகம் ஆட்டுக்குட்டி ஆகப் போகுதா?”

அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. “சும்மா கேட்டேன், இன்ஜினியரம்மா.”

ஆறே வாரத்தில் போய்விட்டார். கணையத்தில் புற்று. அவருக்கு நான்கு மாதமாகவே தெரியும் என்றார் டாக்டர். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போவது என்று மகள் முடிவு செய்தாள். இரண்டு டிக்கெட் எடுத்தாள். இடுப்பு வலியோடு, நாற்பது அடி நடப்பதற்குள் புல்லில் மறைந்துபோகிற இந்த நிலத்தில் தனியாக எப்படி விடுவது?

“உன் வீட்டுல ஜன்னலைத் திறந்தா எதிர்ல இன்னொரு ஜன்னல். நான் வரலை” என்றாள் அம்மா.

“புல்லை யார் வெட்டுவாங்க?”

அம்மா எழுந்து போய்ப் பையில் புடவைகளை அடுக்கத் தொடங்கினாள்.

கிளம்புமுன், அப்பா சொல்லி வைத்திருந்த வண்டி வேண்டாம் என்று சொல்ல இருவரும் டிராக்டர் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து தார்ப்பாயை விலக்கினார். அட்டவணையிலேயே இல்லாத குட்டி வண்டி. அகலமான மழமழ டயர்.

“இது இல்லைங்க. இதுல உக்காந்தா எங்கப்பாவுக்கு முட்டி ஸ்டியரிங்ல இடிக்கும்.”

“இடிச்சுதும்மா. அவரே சிரிச்சாரு. ‘ஓட்டப் போறது நான் இல்லப்பா’ன்னாரு.”

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் எடை என்ன என்று அவளுக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

“பல்லு டயர்னா இடுப்பு ஒடிஞ்சுரும்னு இதை மாட்டச் சொன்னாரு. சரிவுல சாயாம இருக்க, பின்சக்கரம் ரெண்டையும் திருப்பிப் போட்டு அகலப்படுத்தினோம். ஈரத்துல மட்டும் இறக்கக் கூடாதும்மா, அதை அழுத்திச் சொல்லச் சொன்னாரு.” மூலையைக் காட்டினார். “அந்த மணல் மூட்டையை அவர்தான் தோள்ல தூக்கிட்டு வந்தாரு. வாசல்ல இருந்து இங்க வர்றதுக்குள்ள ரெண்டு தடவை இறக்கி வச்சாரு. நான் பிடிக்கறேன்னா விடலை. சீட்டுல அதை உக்கார வச்சு, இன்ஜினை ஓடவிட்டு, வண்டியைப் பிடிச்சு ஆட்டோ ஆட்டுன்னு ஆட்டினாரு. நாலு தடவை நின்னுடுச்சு. சீட்டு ஸ்பிரிங்கை மாத்தினோம். அப்புறம் நிக்கலை.”

அம்மா வண்டியில் ஏறினாள். இருக்கை கடைசிப் பல் வரை முன்னால் தள்ளியிருந்தது. காலை நீட்டினாள்.

“எட்டுது” என்றாள். பிறகுதான் அழுதாள். “பாவி மனுஷா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா.”

மகள் நகர்ந்து போய் போனில் ஒரு டிக்கெட்டை ரத்து செய்தாள்.

“நாளைக்கே வீட்டுல இறக்கிடறேன்” என்றார் கடைக்காரர். “டயர் இதுவே இருக்கட்டுமா? நீங்க இன்ஜினியர்னு சொல்லியிருக்காரு.”

“அவர் போட்டதே இருக்கட்டும். அந்த மூட்டையையும் ஏத்திடுங்க.”

“அது வெறும் மணல்தானேம்மா?”

அவள் மூலைக்குப் போய் அதைத் தூக்கிப் பார்த்தாள். முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை.