சீனன் போத்தலில் வந்த தைலம்

தெல்லிப்பழைக்குப் பக்கத்தில் புகையிலைப் பயிர் செய்யும் குடும்பம் எங்களுடையது. நாரிப்பிடிப்பால் நான் குனிய முடியாமல் கிடந்தபோது, என் கணவரின் தங்கை ஒரு போத்தல் தைலம் கொண்டுவந்தாள்.

"பட்டு விக்கிற சீனனிட்டை வாங்கினது, மச்சாள். அவங்கடை மூலிகை. நானே தேச்சுவிடுறன்."

அவள் கை பட்டதும் உடம்பு இளகியது. கண்ணை மூடிக்கொண்டேன். சிறிது நேரத்தில் தலை சுற்றியது, வாந்தி எடுத்தேன், கைகால் நடுங்கின. "நஞ்சு வெளியேறுது, பொறுங்கோ" என்று இன்னும் அழுத்தித் தேய்த்தாள். நம்பினேன்.

கணவர் அழைத்துவந்த நாட்டு வைத்தியர், ஊர்ப் பரியாரியார், என் உடம்பைக் கழுவச் சொல்லிவிட்டு, போத்தலை வாசல் படலைக்கு வெளியே கொண்டுபோய் முகர்ந்தார்.

"உது புகையிலைச் சாறெல்லோ. தோலாலை ஊறினாலே நஞ்சு. உங்களுக்கு மணக்கேல்லையோ?"

எப்படி மணக்கும்? வீடு முழுக்கக் காய்ந்த புகையிலை. எங்கள் சேலையிலும் அதே மணம்தான். இதே வீட்டில் பிறந்தவளுக்கு அது தெரியாதா?

அவளிடமே கேட்டேன். "போத்தல்தான் சீனன்ரை. காய்ச்சினது நான். ஊருக்குள்ளை விக்கிறதுக்கு முந்தி ஆருக்கெண்டாலும் பூசிப் பாக்க வேணுமெல்லோ" என்றாள்.

இப்போது எந்தத் தைலம் வந்தாலும் படலைக்கு வெளியே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறேன். மச்சாள் இன்னும் வந்து போகிறாள். மனிதரை எங்கே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.