நல்ல தண்ணீரில் அலசிய பாட்டு

என் தம்பிக்கு ஐந்து வயதாகியும் ஒரு வார்த்தை வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டான். படகு இன்ஜின் கிளம்பினால் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு மணலில் புரண்டு அழுவான். லைட்ஹவுஸ் குப்பத்தில் இன்ஜின் கிளம்பாத நேரம் ஏது? ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எல்லாம் பார்த்துவிட்டு, அம்மா அவனைச் சென்னைக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே பயிற்சி கொடுக்கும் மேடம் ஒரு ஹெட்போனையும் சின்னப் பாட்டுப்பெட்டியையும் இரண்டு மாதத்துக்குக் கொடுத்தனுப்பினார். சில ஓசைகளைத் தூக்கியும் சிலவற்றை அடக்கியும் செய்த இசையாம். தினமும் இரண்டு வேளை கேட்டால் காது பழகும், பேச்சு வர வாய்ப்பிருக்கிறது என்றாராம். அந்த 'வாய்ப்பு' என்ற சொல்லை அம்மா வழியிலேயே தொலைத்துவிட்டாள். வீடு வந்து சேர்ந்தது 'பேச்சு வரும்' மட்டும்தான்.

அவன் அதைப் பிடுங்கி எறியாமல் பார்த்துக்கொள்ளும் வேலை பத்து வயதுக்காரியான எனக்கு வந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததுமே அலறுவான், என் கையைக் கடிப்பான். அப்படி என்னதான் பாடுகிறது என்று ஒருமுறை என் காதில் வைக்கப்போனேன். அம்மா பதறிவிட்டாள்.

"அவனுக்குன்னு அளந்து வெச்ச மருந்துடி அது. நீ கேட்டா கொறஞ்சிடும்."

அவளும் அதைக் கேட்டதே இல்லை.

ஒரு மாதம் போனது. ஒருநாள் கரையில் உட்கார்ந்திருந்தபோது அலை தெறித்துப் பெட்டி நனைந்துவிட்டது. படகு இன்ஜின் கடலில் விழுந்தால் எங்கள் நைனா என்ன கத்துவார் என்று எனக்குத் தெரியும். "உப்பு தின்னுடும், நல்ல தண்ணில அலசு!" நானும் பெட்டியைக் குடத்தில் முக்கி, கெட்டிக்காரியாக அலசி எடுத்தேன். காய்ந்ததும் விளக்கு எரிந்தது. திருட்டுத்தனமாக ஹெட்போனைக் காதில் மாட்டினேன். பாட்டு இல்லை. அலைச் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது.

யாரும் பார்க்கும் முன் கழற்றினேன். அப்படியே தம்பிக்கு மாட்டிவிட்டேன். அவன் அலறவில்லை, கடிக்கவில்லை. என் தோளில் சாய்ந்துகொண்டான்.

அம்மா பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "பாட்டு புடிச்சிக்கிச்சி, பாத்தியா!" என்று நைனாவையும் இழுத்துவந்து காட்டினாள். அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன்? மீதி நாளெல்லாம் அவன் ஊமைப் பெட்டியைத்தான் கேட்டான். வேளைக்கு முன்பே அவனே எடுத்துவந்து நீட்டினான்.

இரண்டு மாதம் முடிந்து அம்மாவும் தம்பியும் நானும் சென்னை போனோம். மேடம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை.

"அமைதியா உக்கார்றானே, அதுவே முன்னேற்றம்தாம்மா" என்று சொல்லி, அடுத்த பிள்ளைக்கு வேண்டுமென்று பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார்.

"நான்தான் எங்கியோ தப்பு பண்ணிட்டேன்" என்றாள் அம்மா. இன்று தம்பிக்கு இருபது வயது, பேச்சு வரவில்லை. அவள் இன்னமும் அதையே சொல்கிறாள். நான் இன்னமும் வாய் திறக்கவில்லை.

அன்று சென்னையிலிருந்து திரும்பிவரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம், ஓயாத ஹாரன். தம்பி கத்திக் கத்தி ஓய்ந்தான். பிறகு என் இரண்டு கைகளையும் இழுத்துத் தன் காதுகளின் மேல் வைத்து அழுத்திக்கொண்டான். பாட்டைக் கொன்றவள் இவள்தான் என்று அம்மாவிடம் காட்டிக்கொடுக்கிறான் என்று நினைத்தேன். வெடுக்கென்று கைகளை உருவிக்கொண்டேன்.

அவன் கேட்டது கொஞ்சம் சத்தமில்லாத இடத்தை என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அதற்குப் பிறகு அவன் என் கையைத் தேடியதே இல்லை.