கட்டைவிரலில் முளைத்த மஞ்சள்

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சலவை அறைக்கு அடுத்தாற்போல் கிருமிப் பரிசோதனைக்கூடம் இருந்தது. அங்கே வேலை பார்த்தவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் கிருமியண்ணன். பிறத்தியார் சளியையும் சீழையும் வாங்கி, கூழாய் உறைந்த அகர் தட்டில் தடவி, இன்குபேட்டரின் இளஞ்சூட்டில் வைத்து, மறுநாள் என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. மனிதர்களிடம் நாலு வார்த்தை பேசுவதற்குள் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. இருவர் பங்கையும் மனைவியே பேசிவிடுவாள். பிள்ளை இல்லாத வீடு. அந்த வலியைக்கூட அவள் கேலியாக்கிக்கொண்டாள். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள், “உங்க புள்ளைங்க எல்லாம் நல்லா இருக்காங்களா?” என்று கேட்பாள். கேட்டுக் கேட்டு, ஒரு நாள் அவர் புதுத் தட்டு ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்து அவள் கட்டைவிரலைப் பிடித்து அதில் அழுத்தினார். பூ வாங்கிக் கொடுக்கத் தெரியாத புருஷனுக்கு அன்பு இப்படியெல்லாம் வெளிப்படும்.

முளைத்த தட்டை மூடி ஒட்டிக் கொண்டுவந்து காட்டியபோது அவள் முகம் சுளித்தாள்.

“இத்தனையும் என் கையிலயா இருந்துச்சு?”

“எல்லார் கையிலயும் இருக்கும், ஒண்ணும் பண்ணாது. இந்த வெள்ளைப் புள்ளி ஒவ்வொண்ணும் பாக்டீரியாக் கூட்டம். ஒரு செல்லுதான் ஒரு உயிர். உள்ள உட்கரு கிடையாது.”

“பஞ்சு மாதிரி இருக்கே, இது?”

“அது பூஞ்சை. அதோட செல்லுல நம்மளுது மாதிரியே உட்கரு இருக்கும். ஒரு வகையில தூரத்துச் சொந்தம்.”

“அதான் சொல்லாம கொள்ளாம வந்திருக்கு. வைரஸ் எங்கே?”

“அது இதுல வளராது. அதுக்குன்னு செல்லே கிடையாது. இன்னொரு உயிரோட செல்லுக்குள்ள போனாத்தான் பெருகும்.”

“பாவம், தனியா இருக்கத் தெரியாது,” என்றவள், ஓரத்திலிருந்த பளிச்சென்ற ஒரு மஞ்சள் புள்ளியைக் காட்டினாள். “இந்த மஞ்சக்காரி யாரு?”

“மைக்ரோகாக்கஸ். உருண்டை உருண்டையா, நாலு நாலா ஒட்டிக்கிட்டு இருக்கும்.”

“இவளை மட்டும் கொன்னுடாதீங்க.”

அவர் அந்த மஞ்சளைத் தனியே எடுத்து ஒரு குழாயில் வளர்த்து, பரிசோதனைக்கூடத்து ஃப்ரிட்ஜில் வைத்தார்.

அடுத்த மழைக்காலத்தில், கட்டிலிலிருந்து எழுந்தவள் அப்படியே சாய்ந்தாள். மாரடைப்பு என்றார்கள். பிடித்துத் தட்டில் வளர்த்து இன்னார்தான் குற்றவாளி என்று காட்ட ஒரு கிருமிகூட அதில் இல்லை. கிருமியண்ணன் அழுதாரா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அழுதார், ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு.

அந்தக் குழாய்தான் இனி அவருக்கு எல்லாம். குழாயில் தீனி தீர்ந்தால் மஞ்சள் செத்துவிடும். அதனால் அவ்வப்போது புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டும்: வளையக் கம்பியைத் தீயில் செக்கச் சிவக்கக் காட்டி, ஆறவிட்டு, மஞ்சளைத் தொட்டு, புதிதில் தடவி இழுக்க வேண்டும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருகுவதால், இப்போது இருப்பவை அவள் விரலில் இருந்தவற்றின் வம்சம்தான் என்பது அவருக்குத் தெரியும். வம்சமாகவாவது இருக்கட்டும் என்று காப்பாற்றினார்.

ஒருநாள் மாற்றிக்கொண்டிருந்தபோது, அறுவைப் பிரிவிலிருந்து ஓயாமல் போன் அடித்தது. அவசரத்தில் கம்பியை ஆறவிட மறந்தார். ‘உஸ்’ஸென்று சத்தம் கேட்டது, மனதில் ஏறவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பண்ணுகிற தப்பு. புதுக் குழாயில் வெந்த பிணங்களை இழுத்துவிட்டு, பழைய குழாயைக் கைப்பழக்கத்தில் கழிவோடு சேர்த்து ஆட்டோகிளேவில் போட்டார். நீராவியில் எல்லாம் அவிந்தது. புதுக் குழாயில் எத்தனை நாள் பார்த்தும் ஒன்றும் முளைக்கவில்லை.

இரண்டாம் முறை பெண்டாட்டியைப் பறிகொடுத்த மாதிரி இருந்தது. இந்தத் தடவை துக்கம் கேட்க ஆள் வரவில்லை. யாரிடம் போய் எதைச் சொல்வது?

வீட்டில் அவள் துணிமணியெல்லாம் எப்போதோ சொந்தக்காரர்கள் வாங்கிப் போயாயிற்று. படுக்கையறை அலமாரியில் மூக்குக்கண்ணாடிப் பெட்டி மட்டும் கிடந்தது. அவள் போனபின் அதை அவர் தொட்டதே இல்லை. பஞ்சுக்குச்சியை நனைத்து அதன் உள்ளே துடைத்துத் தட்டில் தடவினார். தொழில் புத்தி விடவில்லை. எதையும் தடவாத இன்னொரு தட்டையும் கட்டிலின்மேல் சிறிது நேரம் திறந்துவைத்தார். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். அதில் ஒன்றும் முளைக்காமல் இருந்தால்தான் முதல் தட்டை நம்பலாம்.

பெட்டித் தட்டில் மஞ்சள் வந்தது. கண்ட்ரோல் தட்டைத் திறந்தார். அதிலும் அதே மஞ்சள். மைக்ராஸ்கோப்பில் இரண்டும் நாலு நாலாக ஒட்டிக்கொண்டு நின்றன. சோதனை செல்லாது. ‘காற்றிலிருந்து விழுந்தது’ என்று பிறர் தட்டுகளை எத்தனையோ முறை தள்ளியவர், தன் தட்டை மட்டும் எப்படி ஒப்புக்கொள்வார்? இரண்டையும் தானே ஆட்டோகிளேவில் போட்டு மூடினார்.

அந்த வாரம் அவரைப் பார்க்க வந்த தங்கை, படுக்கையறையில் கால் வைத்ததுமே மூக்கைப் பொத்தினாள்.

“என்னண்ணா இது, புழுக்கம் தாங்கல. ஜன்னல் எல்லாத்தையும் இப்படியா அடைச்சு வைப்பே?”

அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தொறக்காதம்மா. உங்க அண்ணி இந்தக் காத்துலதான் இருக்கா.”