முகம் பூரித்த செய்தி

தவமலர் என் தண்ணீர்ப் பம்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, சேலைன் குழாயின் ஒரு முனையைப் பெற்றோல் டாங்கிக்குள் விட்டாள். மறுமுனையை வாயில் வைக்கப் போனாள்.

“வாயாலை இழுக்காதை பிள்ளை. சிரிஞ்சைப் பூட்டி இழு. முப்பது வருசம் நேர்ஸாயிருந்தவளுக்கு முன்னாலை பெற்றோல் குடிச்சுச் சாகப் போறியோ?”

“அவசரத்திலை மறந்திட்டன் அக்கா.”

எங்கள் பக்கத்துப் பம்புகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. எழுப்புவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். அதனால் கிடைத்ததே கால் போத்தல்தான். பெற்றோல் நிரப்பும் செட்டுக்குப் போய் வரிசையில் நிற்க அது போதும். ஆலடிக்குளத்துக்குப் போதாது. அவளுக்குப் போக வேண்டியிருந்தது ஆலடிக்குளத்துக்கு.

அங்கே டிலக்சனா என்று ஒரு பெண். தலைப்பிள்ளை, எட்டாம் மாதம். கடைசியாகப் பார்த்தபோது பிரசர் நூற்றி நாற்பதுக்குத் தொண்ணூறு. ஒரு கிழமையில் மறுபடி பார்க்க வேண்டும் என்று கர்ப்பிணி அட்டையில் எழுதிவிட்டு வந்தவள், மூன்று கிழமையாகப் போகவில்லை. டிலக்சனாவின் ஃபோன் வேலை செய்யவில்லை. புருசன் கூலி வேலைக்கு வவுனியாப் பக்கம் போயிருந்தான்.

தவமலர் இருபத்திரண்டு வருடமாக மருத்துவமாது. சண்டைக் காலத்தில் பதுங்குகுழிக்குள் பிள்ளை எடுத்தவள். அப்போது அவளுக்கு நாலு ஊர், ஒரு சைக்கிள். பிறகு ஸ்கூட்டி வந்தது. ஸ்கூட்டிதான் இருக்கிறதே என்று மருத்துவமாது இல்லாத ஊர்களையும் அவள் தலையில் கட்டினார்கள். நாலு ஒன்பதாயிற்று. புதிதாக ஆள் எடுக்க அரசாங்கத்திடம் பணம் இல்லை. நாடு வாங்கிய கடனைக் கட்ட முடியாது என்று சித்திரையில் கைவிரித்தார்கள். ஆனியில் பெற்றோலும் நின்றது. ஒன்பது ஊர் மட்டும் அப்படியே இருந்தது.

வரிசை செட்டிலிருந்து பாடசாலை மதிலைத் தாண்டி நீண்டு கிடந்தது. சுகாதார ஊழியருக்குத் தனி வரிசை என்று அறிவித்திருந்தார்கள். எண்ணெய் இல்லாத இடத்தில் தனி வரிசையும் வரிசைதான். நான் கானோடு மண்ணெண்ணெய் வரிசையில் இருந்தேன். “எண்ணெய்ப் பவுசர் வெளிக்கிட்டிட்டுதாம்” என்று காலையில் ஒருவன் சொல்வான், மத்தியானம் இன்னொருவன் சொல்வான். அந்தச் சொல்லை நம்பி மூன்று நாள் போயிற்று.

தவமலருக்குச் சும்மா இருக்க வராது. ஸ்கூட்டியை உருட்டுவாள், நிறுத்துவாள், ரோட்டை எட்டிப் பார்ப்பாள், பையைத் திறந்து அட்டைகளை எண்ணுவாள். இரண்டாம் நாள் வரிசையில் நின்ற ஆண்களிடம் சொன்னாள்: “உங்கடை மனுசிமாரை இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ.” நடந்தும் சைக்கிளிலும் வந்தார்கள். ஸ்கூட்டி சீற்றில் கையை வைக்கச் சொல்லிப் பிரசர் பார்த்தாள். தார் ரோட்டில் தராசை வைத்து எடை பார்த்தாள்.

“மிஸ், என்ரை வயித்தையும் ஒருக்காப் பாருங்கோவன்” என்றான் ஓட்டோக்கார ரஞ்சிதன்.

“பாத்தாலே தெரியுது. எட்டு மாசம். பிள்ளை இல்லை, கள்ளு.”

வரிசையே சிரித்தது. மாலைக்குள் பதினேழு பேரைப் பார்த்துவிட்டாள். எனக்கும் அது நல்ல ஏற்பாடாகவே பட்டது. வாகனம் இல்லாத வீட்டு ஆண் பெற்றோல் வரிசைக்கு வரமாட்டான் என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் இரண்டு மணியளவில் ஆலடிக்குளத்துச் சின்னராசா டீசல் கானோடு வந்தார். உழவு இயந்திரம் வைத்திருப்பவர். தவமலர் ஓடிப்போய் மறித்தாள்.

“அண்ணை, டிலக்சனா எப்பிடி?”

“அவளுக்கென்ன மிஸ்! நேற்றுக் கிணத்தடியிலை கண்டனான். முகமெல்லாம் பூரிச்சு, நல்ல கொழுகொழுவெண்டு மினுமினுக்கிறாள். தாய்மையெண்டா அப்பிடித்தானே. தலையிடியெண்டு மட்டும் சொன்னவள். வெயிலாயிருக்கும்.”

தவமலர் என்னைப் பார்த்தாள். நான் எழுந்துவிட்டேன். பிரசர் இருந்த பெண்ணுக்கு எட்டாம் மாதத்தில் முகம் பூரித்தால் அது சந்தோசம் அல்ல, நீர். தலையிடியும் சேர்ந்தால் அடுத்தது வலிப்பு.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் எடுத்தேன். இருந்த ஒரே அம்புலன்ஸ் யாழ்ப்பாணத்துக்கு ஆள் ஏற்றிப் போயிருந்தது. நாலு மணிக்குப் பிறகு ஆலடிக்குள ரோட்டில் யானை இறங்கும்.

“ரஞ்சிதன், ஓட்டோவிலை எவ்வளவு கிடக்கு?”

“ஸ்ராட் பண்ணத்தான் மிஸ். சத்தியமா.”

தவமலர் சேலைன் குழாயையும் சிரிஞ்சையும் பையிலிருந்து எடுத்தாள். வரிசையின் தலையில் தொடங்கினாள். “ஆளுக்கு நாலு சிரிஞ்ச். மூடியைத் திறவுங்கோ.”

“மூண்டு நாள் காஞ்சு நிக்கிறம், இவவுக்குத் தாறதோ?” என்று ஒருவன் கத்தினான்.

“உன்ரை மனுசிக்கு நேற்று ஆர் பாத்தது? பிரசர் எழுதித் தந்த துண்டைத் திருப்பித் தா” என்றேன். மூடியைத் திறந்தான்.

பதினொரு பேர் தந்தார்கள். மற்றவர்கள் துளியும் இல்லை என்றார்கள், உண்மையாகவும் இருக்கலாம். தன் ஸ்கூட்டியில் மிஞ்சியிருந்ததையும் இழுத்து ஓட்டோவில் ஊற்றினாள். ரஞ்சிதன் ஓட்டோவை எழுப்பிக்கொண்டே, “என்ரை இடம் போனா என்ன செய்யிறது?” என்றான். அவன் இடத்தில் என் கானை வைத்து அதன்மேல் நானே இருந்தேன்.

போனபோது டிலக்சனா பாயில் படுத்திருந்தாளாம், கண் மங்குகிறது என்றாளாம். பிரசர் நூற்றி எழுபதுக்கு நூற்றிப்பத்து. தவமலர் அவளை ஓட்டோவுக்குள் இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மதகடியில் வலிப்பு ஒருமுறை வந்தது. இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். ஊசி போட்டு, வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒரு கிலோ தொள்ளாயிரம். தாயும் தப்பினாள்.

அடுத்த நாள் காலை ஆறரைக்குப் பவுசர் வந்தது. ரஞ்சிதனுக்குக் கிடைத்தது. தவமலரின் ஸ்கூட்டியை யாரோ வரிசையை விட்டு ஓரமாக உருட்டியிருந்தார்கள். இனி வாலில்தான் நிற்க வேண்டும், வால் வரை எண்ணெய் வராது.

அவள் அங்கே போகவே இல்லை. என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் மூன்று அட்டை. மூன்றும் வாகனம் இல்லாத வீடுகள்.

“அக்கா, உங்கடை சைக்கிளைத் தாங்கோ.”

“பன்ரெண்டு வருசமா நீ சைக்கிள் மிதிக்கேல்லை. முழங்கால்?”

“அது என்னோடைதானே வரும்.”

முன் சில்லுக்கு நான் காற்றடித்தேன். அவள் தராசைக் கரியரில் வைத்துக் கட்டினாள்.