முத்துவின் இடது கண்

ஒரு நாயின் கண்ணை நான் பறித்தேன். வேண்டுமென்று அல்ல... ஆனால் அதன்பின் சொன்ன பொய், வேண்டுமென்றே சொன்னது.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். சொந்த ஊரான நகரியிலிருந்து திருப்பதிக்கு வந்து பியூட்டி பார்லரில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். பக்கத்து வீட்டுச் சரோஜா அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது, தன் வெள்ளைப் பொமரேனியன் முத்துவை என்னிடம் விட்டுப்போனாள். பிள்ளையில்லாதவள். அவளுக்கு எல்லாமே அதுதான்.

முத்துவுக்குக் கண்ணீர் ஓயாமல் வழியும். இரண்டு கண்களுக்குக் கீழேயும் செம்பழுப்பாய்க் கறை. நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு அக்கா போனில் கேட்டாள்:

"இன்னாடி, முத்து என்ன நெனச்சு அழுதுக்கினே கீது?"

அந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்றல்லவா நினைப்பாள்! அடுத்த போட்டோவில் முகம் வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும்... பார்லரிலிருந்து கொஞ்சம் ப்ளீச் எடுத்துவந்தேன். பெண்களின் முகத்து ரோமத்தை வெளுப்பது நாயின் முடியை வெளுக்காதா? என் புத்தி அவ்வளவுதான்! கறைமேல் தடவினேன். முத்து தலையை உதறியது. மருந்து இடது கண்ணுக்குள் போய்விட்டது.

தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அப்போதே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். ஏன் ஓடவில்லை? என்ன செய்தாய் என்று கேட்பாரே என்ற பயம்... விழிமேல் வெண்மை படர்ந்த பிறகே கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன்.

அங்கே உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. இடது கண் இனித் தேறாது என்றார். வலது கண்ணின் இமையைப் புரட்டிக் காட்டினார். உள்நோக்கி வளர்ந்த முடிகள் விழியை உரசிக்கொண்டிருந்தன. கண்ணீர் வழிந்தது அதனால்தான். அந்த முடிகளை அவரே எடுத்துவிட்டு, கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துத் தினமும் துடைத்து, ஈரத்தை ஒற்றிவிடச் சொன்னார்.

அக்காவிடம் பூனை பிறாண்டிவிட்டது என்றேன். நான்கு வருடம் அதே பொய்! துடைப்பதை மட்டும் ஒருநாளும் விடவில்லை. கறை படிந்த முடி மெல்ல உதிர்ந்து, புதிது வெள்ளையாகவே வளர்ந்தது.

அக்கா திரும்பி வந்த அன்று, முத்து அவளை மோந்து பார்த்து மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. வெளுத்த கண்ணைத் தடவியபடி அவள் அந்தப் பூனையைச் சபித்தாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை... எல்லாவற்றையும் சொன்னேன்.

முத்துவை மடியோடு அணைத்துக்கொண்டு சொன்னாள்: "போன்லயே சொல்லியிருக்கலாம் நீ."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை கதவைத் தட்டினாள். கையில் பஞ்சு. "எப்டி தொடைக்கறதுன்னு காட்டு. இன்னொரு கண்ணையாவது நான் பாத்துக்கறேன்."

காட்டினேன். இப்போது அந்தக் கண் தெளிவாக இருக்கிறது. அந்த ஒற்றைக் கண்ணால் என்னை அடையாளம் கண்டு, நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் முத்து தெருமுனைவரை ஓடி வருகிறது. வாலை ஆட்டி ஆட்டி என் கையை நக்குகிறது... அன்று ப்ளீச் தடவியது அந்தக் கைதான் என்று அதற்குத் தெரியாது.