கடைசி அல்லேலூயாவுக்கு முன் நான் கத்தியது

இதை எழுத எட்டு வருஷமாகத் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், அன்றைக்கு என் வாய் செய்த காரியம் நினைவுக்கு வரும், வைத்துவிடுவேன். நான் ஆம்பூரில் தோல் பதனிடும் வேலை செய்கிறவன், ஐந்தாவது வரை படித்தவன். பிழையிருந்தால் பொறுக்கவும்.

எங்கள் சபையில் கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் பாடகர் குழுவார் ஒரு பழைய இங்கிலீஷ் கோரஸ் பாடுவார்கள். அல்லேலூயா என்று அது தொடங்கியதும் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். சீமையில் ஒரு ராஜாவே எழுந்து நின்றாராம். நின்றபடி நாங்களும் கூடப் பாடுவோம். அர்த்தம் பாதி தெரியாது, ராகம் மனப்பாடம். முடியுமுன் சட்டென்று நிறுத்தி, ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்து, பிறகு கடைசி அல்லேலூயாவை நீட்டுவோம். அந்த இடைவெளியில் எவனாவது தவறிக் குரல் விட்டால் அடுத்த கிறிஸ்மஸ் வரை அவன் பெயர் முந்திரிக்கொட்டை.

அந்த வருஷம் என் இரண்டு வயது மகளுக்குத் தொண்டை கட்டி மூச்சு இழுத்தது. டாக்டரம்மா வீட்டுக்கு ஓடினோம். கோவிலில் பாடப் போயிருக்கிறார் என்றார்கள். நாங்கள் கோவிலுக்குள் நுழையவும் கோரஸ் தொடங்கவும் சரியாயிருந்தது. சனம் சுவர்போல எழுந்து நின்றது. டாக்டரம்மா அந்தப் பக்கம், பாடகர் வரிசையில்.

“இன்னாங்க பாத்துனு நிக்கிறீங்க? வழி கேளுங்க. புள்ளைக்குக் கண்ணு சொருகுது,” என்றாள் என் மனைவி.

முன்னால் நின்றவரின் தோளைத் தொட்டேன். “இரு தம்பி, முடியப் போவுது. பாட்டு நடுவுல யாராவது நடப்பாங்களா?” என்றார். நின்றுவிட்டேன். சபைக்கும் பயம், நாலு பேர் சிரிப்புக்கும் பயம். நின்றதோடு இல்லை, பாடினேன். பழக்கத்தில் வாய் தானாகப் பாடியது. பிள்ளையின் மூச்சுச் சத்தத்தை என் குரலே மறைத்தது.

சட்டென்று எல்லாரும் நிறுத்தினார்கள். அந்த அமைதியில், தோளில் கிடந்தவளின் மூச்சுக்குக் காது கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

“அம்மா! டாக்டரம்மா!” என்று கத்தினேன்.

“இந்த வருஷத்து முந்திரிக்கொட்டைடா!” என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பிள்ளையைக் கவிழ்த்துப் பிடித்து, தொண்டைக்குள் விரலை விட்டுச் சளியைக் கட்டிகட்டியாக எடுத்தார். கர்த்தாவே, கர்த்தாவே என்பதற்குமேல் எனக்கு ஜெபம் வரவில்லை. பிள்ளை வீறிட்டாள். கடைசி அல்லேலூயாவை அன்று யாரும் பாடவில்லை.

இப்போது பேரணாம்பட்டு வரைக்கும், செத்த பிள்ளை பாட்டில் எழுந்தது என்று சொல்லுகிறார்கள். அவள் சாகவில்லை. அந்த அம்மாளின் விரலால் தேவன் இரங்கினார். தகப்பனோ கூடப் பாடிக்கொண்டு நின்றான். இதை வேறொருவருக்குச் சொல்லுகிறவர்கள் அற்புதத்தைக் கூட்டாமலும், நான் பாடினதை விட்டுவிடாமலும், இப்படியே சொல்லும்படி கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.