கோழிக்கு அடியில் வைத்த ஆமை முட்டை

நாமகிரிப்பேட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குக் கரண்ட் வந்த புதிதில் வீட்டில் மூன்று பல்பு எரிந்தது. அதில் ஒன்று ஆமை முட்டைக்கு. ஆமைக்கு வந்த வாழ்வைப் பார் என்று அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிரித்தார்கள்.

சேலத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா, கரட்டுக் குன்றோரம் உழும்போது கிடைத்த முட்டைகளை மரப்பெட்டியில் மணல் நிரப்பி வைத்து, மேலே பல்பைத் தொங்கவிட்டிருந்தார். குஞ்சு பொரித்துக் காட்டினால் கல்லூரியிலேயே வேலை வாங்கித் தருவதாக அவருடைய வாத்தியார் சொல்லியிருந்தாராம். அப்பாருக்கு, அதாவது என் அப்பாவைப் பெற்றவருக்கு, இரண்டுமே பிடிக்கவில்லை. ஆமை வீட்டுக்குள் வரக்கூடாது. இருக்கிற ஒரே மகன் காடுதோட்டத்தை விட்டுப் போகவும் கூடாது. அதை மகன் முகத்துக்கு நேரே சொல்லத்தான் வாய் வராது.

ஒரே மகன் என்றேன். என் அப்பா இறந்துபோயிருந்தார். அம்மாவும் நானும் அப்பாரு போட்ட சோற்றைத் தின்றுகொண்டிருந்தோம். ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஆக்கியதும் போட்டதும் அம்மா.

கரண்ட் அடிக்கடி போகும். சித்தப்பா இல்லாத நேரத்தில் பெட்டியைச் சூடாக வைத்திருப்பது அம்மா பொறுப்பு. அடுப்புக் கங்கைச் சட்டியில் அள்ளிப் பெட்டியோரம் வைப்பாள், மேலே சாக்குப் போட்டு மூடுவாள். பிள்ளைத்தாச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டாள்.

கார்த்திகை அடைமழையில் ஒரு மத்தியானம், அப்பாரு மீட்டர் பெட்டியிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். கரண்ட் போய்விட்டதா என்று அம்மா கேட்டபோது பார்த்ததைச் சொன்னேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

"சித்தப்பாகிட்ட மூச்சு உடக்கூடாது. நமக்குப் போக வேற ஊடு இல்ல சாமி" என்றாள்.

விறகு நனைந்து புகைந்ததே தவிரக் கங்கு விழவில்லை. மணல் சில்லிட்டுக்கொண்டே வந்தது. வீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அம்மா அதன் முட்டைகளை எடுத்துவிட்டு ஆமை முட்டைகளை வைத்தாள். கோழி ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல் அலகால் உருட்டிப் புரட்டி வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டது. அது விட்டதை அம்மாவும் புரட்டி வைத்தாள். கோழி முட்டைக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். ஆமை முட்டையைப் புரட்டினால் உள்ளே உயிர் நிற்காது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? சூடு குறையக்கூடாது என்று மட்டும்தான் சித்தப்பா சொல்லியிருந்தார்.

சித்தப்பா வரும் நேரத்துக்கு அப்பாரு பியூஸ் கட்டையைத் திரும்பச் செருகிவிட்டார். சாயங்காலம் சித்தப்பா வந்தபோது பல்பு எரிந்துகொண்டிருந்தது. முட்டை கோழிக்கு அடியில் இருந்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் ஒரு நப்பாசையில் மறுபடி பெட்டியில் வைத்துக் காத்திருந்தார். எதுவும் பொரியவில்லை. கடைசியில் ஒன்றை உடைத்துப் பார்த்தார். ஓடு, கால் எல்லாம் வைத்த சின்ன ஆமை செத்துக் கிடந்தது.

"படிக்காதவங்க கையில குடுத்தேன் பாருங்க அண்ணி, என்னயச் சொல்லோணும்" என்றார்.

"உடு சாமி. பொம்பளைக்கு என்ன தெரியும்" என்று அப்பாரு அவரைத் தேற்றினார்.

படிப்பு முடிந்து சித்தப்பா காட்டுக்கே வந்து சேர்ந்தார். அதன்பிறகு அம்மாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சோறு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் சொல்லியனுப்புவார். அப்பாருக்கோ எல்லாம் அம்மா கையால்தான் வேண்டும். ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கேட்டுக் குடிப்பார். அவள் ஊற்றுவாள்.

பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பிள்ளைகள்தான் எதிர்த்துப் பேசாமல் தலைகுனிந்து நிற்கும். அம்மாவும் அப்படித்தான் நின்றாள். அதனால், பியூஸ் கட்டையைப் பிடுங்கியதைக் கண்ணால் பார்த்த நானே, ஆமைகளைக் கொன்றது அம்மாதான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.